பச்சை உடம்புக்கு எது ஓய்வு?

கடலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அம்மா வீட்டிலிருந்து எழுதியிருக்கிறார் இந்த வாசகி. வயது 27. வாழ்க்கைப்பட்டது புதுச்சேரியில். அங்கே ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. தலைப்பிரசவம், சிசேரியன், பெண் குழந்தை. கடிதம் எழுதிய அன்று குழந்தைக்குப் பதினெட்டு நாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பின்கட்டு அறையில் அவரையும் குழந்தையையும் வைத்திருக்கிறார்கள். காற்று பட்டால் ஜன்னி வரும் என்று ஜன்னலைப் பழைய புடவையால் அடைத்தாகிவிட்டது. கத்திரி வெயில் காலம், ஆனால் ஃபேன் போடக் கூடாது. காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், சாயங்காலம் ஒரு டம்ளர். அதற்கு மேல் கேட்டால், "வயிறு போட்டுடும், தையல் சீழ் கோத்துக்கும்" என்கிறார் அம்மா. வயிற்றைச் சுற்றிப் புடவைத் துணியால் இறுக்கக் கட்டு. சாப்பாடு, பூண்டும் மிளகும் போட்ட பத்தியக் குழம்பும் சுட்ட கருவாடும்தான். காய், பழம், பருப்பு கிடையாது. கடைசி மாதத்தில் பிரஷர் ஏறியதால்தான் ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும் என்று.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் நடுவே, பத்து நாள் கூட இருந்த அம்மா மறுபடி முந்திரி உடைக்கப் போக ஆரம்பித்துவிட்டார். போகாவிட்டால் கூலி இல்லை. பகல் மூன்று மணி வரை இவர் தனி. குழந்தைத் துணியைத் துவைப்பது, குழாயில் தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் இவர்தான். பன்னிரண்டாம் நாள் குடம் தூக்கிய அன்று, வெளுத்துக்கொண்டு வந்த தீட்டு மறுபடி சிவப்பாகப் பட்டிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து மாமியார், "முப்பதாம் நாள் புண்ணியதானம் முடிஞ்சதும் வந்துடணும், எனக்கு மூட்டு வலி" என்கிறார். "நாங்கல்லாம் பத்தாம் நாளே அடுப்படிக்குப் போனவங்க" என்று நாத்தனார் போனில் சொன்னாராம். கடையில், இரண்டு மாதத்தில் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்கிறார்கள். "சாயங்காலம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது டாக்டர். நான் சோம்பேறியா? அம்மா சொல்லும் ஓய்வு எனக்கு ஓய்வாகவே இல்லை. உண்மையில் எத்தனை நாள், எப்படி ஓய்வெடுக்க வேண்டும்?"

கடைசியில் ஒரு வரி: "மற்றபடி பெரிதாக ஒன்றும் இல்லை. இடது கெண்டைக்கால் மூன்று நாளாக இறுக்கிப் பிடிக்கிறது, கொஞ்சம் வீக்கம். படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று அம்மா தைலம் தேய்த்து நீவிவிடுகிறார்."

முதலில் அந்தக் கெண்டைக்கால்

அன்புள்ள சகோதரி, "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதிய அந்த வரிதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களை அழைத்துப் பேசினேன். அன்றே மருத்துவமனைக்குப் போனீர்கள். டாப்ளர் ஸ்கேனில் காலில் ரத்தக் கட்டி இல்லை என்று தெரிந்தது. ஆனால் பிரஷர் 150/100 இருந்தது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். இதையெல்லாம் உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இன்னொரு வீட்டுப் பின்கட்டில் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது பயன்படட்டும்.

பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விடக் கூடாது என்பதற்காக, கர்ப்ப காலத்திலேயே ரத்தத்தின் உறையும் தன்மையை உடம்பு கூட்டிக்கொள்கிறது. பிள்ளை பிறந்த உடனே அது பழைய நிலைக்கு வந்துவிடாது. முதல் ஆறு வாரம் வரை காலின் ஆழத்து ரத்தக் குழாயில் கட்டி உண்டாகும் அபாயம் மற்ற காலத்தைவிடப் பல மடங்கு அதிகம். சிசேரியன் ஆகியிருந்தால் இன்னும் கூடும். அதோடு அசையாமல் படுத்தே கிடப்பதும் தண்ணீர் குறைவதும் சேர்ந்தால், கட்டி உண்டாக என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நாமே ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி. இடது காலில்தான் இது அதிகம் வருகிறது. ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலை அழுத்தினால் வலிப்பது, அந்த இடம் சூடாகவோ சிவந்தோ இருப்பது ஆகியவை அடையாளங்கள். அப்படி இருந்தால் தைலம் போட்டு நீவவே கூடாது. கட்டி இருந்து, அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால், திடீர் மூச்சுத் திணறலில் உயிரே போகும். உங்களுக்குக் கட்டி இல்லை என்பதால் இந்த எச்சரிக்கை பொய்யாகிவிடவில்லை. ஸ்கேன் எடுத்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது, நீவிப் பார்த்து அல்ல.

அம்மாவின் பயத்தில் நியாயம் உண்டு

உங்கள் அம்மா மேல் கோபப்படாதீர்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் காய்ச்சல் கண்டு, பிதற்றி, ஜன்னி வந்து இறந்துபோவதைக் கண்ணால் பார்த்த தலைமுறையின் பயம் அது. பெரும்பாலும் அந்த ஜன்னிக்குக் காரணம் காற்றோ தண்ணீரோ அல்ல, கருப்பைக்குள் போன கிருமி. 1847-ல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு அங்கே மளமளவென்று குறைந்தது. நம் ஊர்களில் இந்தக் காரணம் தெரியாத காலத்தில், பெண்ணைத் தனி அறையில் வைத்து, யாரையும் தொட விடாமல், கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் கொடுத்து, அடுப்படிக்கு அனுப்பாமல் பார்த்துக்கொண்டார்கள். அதில் பாதி மிக நல்ல வைத்தியம். தீட்டு என்று சொல்லித்தான் என்றாலும், நாற்பது நாள் ஒரு பெண்ணின் கையிலிருந்து விளக்குமாற்றையும் கரண்டியையும் வாங்கி வைத்தார்களே, அதை நான் மனதாரப் பாராட்டுவேன்.

உங்கள் வீட்டில் நடந்திருப்பது என்ன தெரியுமா? அந்த நல்ல பாதி கைநழுவிப்போய், கெட்ட பாதி மட்டும் தங்கிவிட்டது. வேலையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறார். அறையில் அடைபட்டுக் கிடப்பதும் ஓய்வும் ஒன்றல்ல. துவைப்பது, தண்ணீர் தூக்குவது, சமைப்பது, இரவில் குழந்தையை ஏந்தி நடப்பது என்று இருக்கும் வேலைகள் எத்தனை கை மாறுகின்றன என்பதுதான் ஓய்வின் கணக்கு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் கை மாறியதாகத் தெரியவில்லை. அதனால்தான் அது உங்களுக்கு ஓய்வாக இல்லை. நீங்கள் சோம்பேறி இல்லை.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் நாத்தனாருக்கும் பதில் கிடைக்கும். பிரசவம் ஆன அன்று கருப்பை ஏறக்குறைய ஒரு கிலோ. ஆறு வாரத்தில் அது சுருங்கி நூறு கிராமுக்குள் வந்துவிடும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம், உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறந்த புண். அது ஆறுவதைத்தான் தீட்டின் நிறம் வெளியே காட்டுகிறது. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பு, பிறகு பத்தாம் நாள் வரை பழுப்பு கலந்த வெளிர் சிவப்பு, அதன் பிறகு மஞ்சளும் வெள்ளையுமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை. வெளுத்தது மறுபடி சிவந்தால், பெரும்பாலும் அன்று உடம்பு அதிகமாக உழைத்திருக்கிறது என்று பொருள். நீங்கள் குடம் தூக்கிய அன்று நடந்தது அதுதான். ஓரிரு நாள் வேலையைக் குறைத்து, அது தானே வெளுத்தால் பயமில்லை. நிற்காமல் கூடிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். பத்தாம் நாள் அடுப்படிக்குப் போன பெண்களுக்கும் உள்ளே அந்தப் புண் இருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதை வைத்து உங்களை அளக்க வேண்டாம். அவர்களுக்கும் அப்போது யாராவது உதவியிருக்க வேண்டும்.

தண்ணீர், காற்று, வயிற்றுக் கட்டு

தண்ணீரில் மட்டும் சமரசமே வேண்டாம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்காது. குடிக்கும் தண்ணீர் தையலுக்குப் போவதும் இல்லை. தையலில் சீழ் வைப்பது கிருமியால். வயிறு தொளதொளவென்று இருப்பது, பத்து மாதம் இழுபட்ட தசை இன்னும் இறுகாததால். தண்ணீரைக் குறைத்தால் வருவது மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைவலி. ரத்தமும் கெட்டியாகும். நம் நாட்டில் பிரசவமான இளம் பெண்களுக்கு மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து, வலிப்போடும் பக்கவாதத்தோடும் வருவதை மருத்துவர்கள் காலங்காலமாகப் பார்த்து வருகிறோம். தண்ணீர் கொடுக்காமல் வைத்திருப்பது அதற்கு ஒரு காரணம் என்றும் சொல்லி வருகிறோம். கத்திரி வெயிலில், ஜன்னல் அடைத்த அறையில், பால் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு நாளுக்கு இரண்டு டம்ளர் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். தாகம் அடங்கும் வரை குடியுங்கள். சிறுநீர் வெளிர் நிறமாகப் போக வேண்டும், அதுதான் அளவு. காய்ச்சி ஆற வைத்த தண்ணீராக இருக்கட்டும். அம்மா சொன்னதில் அது நல்ல பகுதி. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் அவருக்கும் மன நிம்மதி, உங்களுக்கும் தாகம் தீரும்.

ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபேன் ஓடட்டும், குழந்தை மேல் நேராக அடிக்காமல் இருந்தால் போதும். இந்த வெக்கையில் அடைத்த அறைக்குள் துணி மேல் துணியாகச் சுற்றி வைத்தால் குழந்தைக்கே உடம்பு கொதிக்கும், பால் குடிக்கச் சோர்ந்து போகும். சாம்பிராணிப் புகை வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்கு இறங்கினால் பெரிய தொல்லை.

வயிற்றுக் கட்டைப் பொறுத்தவரை, லேசான துணிக்கட்டோ மருந்துக் கடையில் கிடைக்கும் பெல்ட்டோ, எழுந்து நடக்கும்போது தையல் இழுக்காமல் தாங்கும். அதற்காக மட்டும் பகலில் போட்டுக்கொள்ளலாம். மூச்சு முட்ட இறுக்கினால் அடிவயிற்றின் அழுத்தம் கீழே இறங்கும். சிறுநீரைத் தாங்கும் தசைகள்தான் பாதிக்கப்படும். மடிப்புக்குள் வியர்வை தேங்கித் தையலும் நைந்துவிடும். குளித்ததும் தையல் இருக்கும் இடத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மடிப்பை விலக்கி ஐந்து நிமிடம் காற்றுப் பட விடுங்கள். மஞ்சளோ சாம்பலோ எண்ணெயோ அதன் மேல் எதுவும் வேண்டாம்.

நடக்கத்தான் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் மெதுவாகப் போய் வாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிராதீர்கள். முழங்காலை மடக்கி ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். ஒரு கையால் தையல் மேல் தலையணையை அழுத்திக்கொண்டு, மற்ற கையை ஊன்றி எழுந்திருங்கள். பாய் விரித்துத் தரையில் படுப்பதானால் இந்தச் சில வாரத்துக்கு ஒரு கட்டிலோ பெஞ்சோ ஏற்பாடு செய்யுங்கள். தரையிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் வயிறு இழுபடும். ஆறு வாரம் வரை குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். நிறைந்த குடம் வேண்டவே வேண்டாம்.

பத்தியமும் மாத்திரையும்

பூண்டு, மிளகு, நல்லெண்ணெய், முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடுதான். தாராளமாகச் சாப்பிடுங்கள். நம் கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு செய்து கொடுக்காத வீடு இல்லை. சிறிய சுறாவில் எப்போதாவது ஒருமுறை செய்து சாப்பிட்டால் போகட்டும். பெரிய சுறாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மற்ற மீன்களை உண்ணும் பெரிய மீனின் உடம்பில் பாதரசம் சேரும், அது பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். நெத்திலியும் மத்தியும் விலையும் குறைவு, சத்தும் குறைவில்லை, பயமும் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பால் ஊற முதல் மருந்து குழந்தை அடிக்கடி சப்புவதுதான். அடுத்தது அம்மாவின் தூக்கமும் வயிறு நிறைந்த சாப்பாடும். எந்த மீனும் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் பத்தியத்தில் இருப்பதைவிட இல்லாததைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். கூடவே புண் ஆறப் புரதம் வேண்டும், மலம் இளகிப் போகக் காயும் பழமும் வேண்டும். பருப்பு, முட்டை, கீரை, கொய்யா, வாழைப்பழம், மோர் எதுவும் பால் வழியாகக் குழந்தைக்குச் சளி பிடிக்க வைக்காது. சுட்ட கருவாட்டில் உப்பு அதிகம். பிரஷர் இருக்கும் உங்களுக்கு இப்போது அதை நிறுத்துங்கள். லேகியம் சாப்பிடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தமிழக அரசு 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்திலேயே தாய்க்காக சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. ஆகவே லேகியம் என்றாலே கூடாது என்று சொல்லமாட்டேன். முகவரியும் உரிமமும் அச்சிட்ட டப்பாவாக இருக்க வேண்டும், சிறிய அளவு போதும், சர்க்கரை நோய் இருந்தால் தவிர்க்க வேண்டும். யாரோ பொட்டலம் கட்டிக் கொடுக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத சூரணம் வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் உங்கள் வீட்டில் இரண்டு தவறான எண்ணம் இருக்கிறது. பிள்ளை பிறந்துவிட்டால் பிரஷர் போய்விடும் என்பது ஒன்று. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பிரஷர் உச்சத்துக்கு ஏறுகிறது. ஆறு வாரம் வரைக்கும் வலிப்பு வரும் அபாயம் உண்டு. பால் கொடுப்பவள் மாத்திரையே போடக் கூடாது என்பது மற்றொன்று. பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற பிரஷர் மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. நீங்கள் பால் கொடுப்பது தெரிந்துதான் எழுதித் தருகிறோம். பாலில் போவது மிக மிகச் சிறிய அளவு. வலிக்குப் பாரசிட்டமாலும் அப்படியே. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் நடக்க முடியாது. நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

இரும்புச் சத்து மாத்திரையை நாளுக்கு ஒன்று வீதம் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். கால்சியம் நாளுக்கு இரண்டு, ஆறு மாதம் வரை. இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது. டீ, காபியோடும் வேண்டாம். ஊர் துணை சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் இவை இலவசமாகக் கிடைக்கும். பிரஷரும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

சாயங்கால அழுகை

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கி, காரணமில்லாமல் அழுவதும் எரிச்சல்படுவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். உங்களுக்குப் பதினெட்டாம் நாளும் அது போகவில்லை. இதைப் பலவீனம் என்றோ, குழந்தை மேல் பாசம் இல்லை என்றோ எண்ண வேண்டாம். தூக்கமின்மை, ரத்தசோகை, பகலெல்லாம் தனிமை, இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய பாரம் என்று காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. காரணம் தெரிந்தாலும் சிகிச்சை தேவைப்படலாம். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பது, சாப்பாடு பிடிக்காமல் போவது, குழந்தையைப் பார்க்கவே மனம் இல்லாமல் இருப்பது, நான் இல்லாவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுவது, இவற்றில் எது இருந்தாலும் ஆறாவது வாரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. காதில் குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வருவது ஆகியவை இருந்தால் வீட்டார் ஒரு நிமிடம்கூட அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

இதைத் தனித் தாளில் எழுதி, அம்மா கண்ணில் படும்படி சுவரில் ஒட்டுங்கள். நாள், கிழமை, தீட்டு, தூரம் எதையும் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டியவை இவை:

• ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, அல்லது பெரிய பெரிய கட்டிகள்.
• விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, வலிப்பு.
• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்.
• 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் தீட்டு, தையலில் சீழ் அல்லது வாய் பிளத்தல்.

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மரும் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. எல்லை தாண்டி எங்கே போவது என்று வீட்டில் விவாதித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். முதலில் எது பக்கமோ அங்கே போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

முப்பதாம் நாளும் கடை வேலையும்

சம்பிரதாயத்துக்கு முப்பதாம் நாள் போவதில் மருத்துவ ரீதியாகத் தடை ஒன்றும் இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். தையல் ஆறியிருந்தால் காரில் உட்கார்ந்து போகலாம். போன பிறகு அந்த வீட்டில் உங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. மூட்டு வலிக்கும் மாமியாருக்கு மாற்றாக அடுப்படியில் நிற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், ஆறு வாரம் முடியும் வரை போக வேண்டாம். மாறாக, அங்கே துணி துவைக்கும் இயந்திரம் இருந்து, உங்கள் கணவர் காலையும் இரவும் வீட்டில் இருந்து, சமையலுக்கு ஒரு ஆளையும் போட முடியுமென்றால், பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கும் இந்தப் பின்கட்டைவிட அது நல்ல இடம். எந்த வீடு என்பதைவிட, எந்த வீட்டில் கூட ஆள் இருக்கிறது என்று பாருங்கள். இப்போதைக்கு அம்மாவுக்கும் ஒரு வழி வேண்டும். அவர் கூலிக்குப் போகாமல் இருக்க முடியாது, அதைக் குற்றம் சொல்லும் உரிமை எனக்கில்லை. துணி துவைக்கவும் தண்ணீர் எடுத்து வைக்கவும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் உங்கள் கணவர் கையிலிருந்து வர வேண்டும். பிரசவச் செலவு பெண் வீட்டோடு போச்சு என்று ஒதுங்குவது, குழந்தையின் தகப்பனுக்கு அழகல்ல.

கடை விஷயத்தில் பயப்படாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உங்கள் உரிமை. பிரசவம் ஆன முதல் ஆறு வாரம் எந்த முதலாளியும் உங்களை வேலைக்கு வைக்கவே கூடாது. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி செல்லாது. திரும்பிப் போன பிறகு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள் என்றால், விடுப்புச் சம்பளம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். போனில் பேசியது போதாது. விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறித்து, டிஸ்சார்ஜ் சீட்டு நகலோடு கடைக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் அந்தக் கடிதத்தோடு புதுச்சேரி தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆறாவது வாரம் பரிசோதனைக்குக் கண்டிப்பாகப் போங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளும் அதுதான், ஒரே பயணத்தில் முடியும். பிரஷர் நோட்டைக் காட்டுங்கள். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். தையலைக் காட்டுங்கள். அழுகையைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த குழந்தைக்கு எவ்வளவு இடைவெளி, எந்தக் கருத்தடை என்று நீங்களே கேளுங்கள். தாய்ப்பால் கொடுத்தால் கரு தங்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் வராமல் இருக்கும் வரைதான் அது ஓரளவு காக்கும். சிசேரியன் ஆன கருப்பைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி நல்லது.

அந்தப் பரிசோதனைக்கு உங்கள் கணவரையும் உள்ளே அழைத்து வாருங்கள். நாற்காலி இல்லாவிட்டால் நிற்கட்டும். உங்களிடம் சொல்வதை மருத்துவர் அவரிடமும் ஒருமுறை சொல்லட்டும். முப்பதாம் நாள் வர முடியுமா முடியாதா என்று புதுச்சேரிக்குப் போன் போட்டு மாமியாரிடம் பேச வேண்டியதும் அவர்தான், நீங்கள் இல்லை. இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.